முதலில் துவக்கு

அரிசி வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் யோகா. இருபது கிலோ கொள்ளும் நீலப் பிளாஸ்டிக் வாளி. துவாயால் சுற்றிய அந்தப் பொருள் அடியில் விரலுக்குத் தட்டுப்பட்டது. இருக்கிறது. எங்கே போகப் போகிறது? ஆறு நாளாக ஒருவரும் இந்த வாளியைத் திறக்கவில்லை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்ற வழக்கமும் யாழ்ப்பாணத்துச் சனத்தோடு விமானம் ஏறிச் சிட்னிக்கு வந்துவிட்டது. டூங்கபியில் உள்ள பாதிச் சனம் மாறி மாறிக் கொண்டுவந்து வைத்த இடியப்பமும் சோறும் அலுமினியத் தட்டுகளில் குளிர்ப்பெட்டியை அடைத்துக்கொண்டிருந்தன.

“அக்கா, வாய்க்கரிசிக்கு அரிசி எடுத்தாச்சோ?”

குசினி வாசலில் மயூரா நின்றாள். யோகாவின் இறந்துபோன புருசன் கேதீஸ்வரனின் தம்பி செந்தில்நாதனுடைய மனைவி. எந்தச் செத்த வீட்டிலும் முதல் ஆளாக வந்து சேலையைச் செருகிக்கொண்டு நிற்பவள்.

“நான் எடுக்கிறன். நீர் போம்.”

“விடுங்கோ, நான் அள்ளுறன். நீங்கள் இந்த நேரத்தில இதெல்லாம் செய்யக்கூடாது.”

“நான் எடுக்கிறன் எண்டனெல்லே!”

மயூரா ஓரடி பின்னால் போனாள். புருசனைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு கிழமைக்குச் சத்தம் போட அனுமதி உண்டு. அவள் அதை மதித்து ஒதுங்கினாள். யோகா ஒரு கிண்ணத்தில் மேலாக அரிசியை அள்ளி மேசையில் வைத்துவிட்டு வாளியை இறுக்கி மூடினாள். மைக்ரோவேவில் மணி ஏழு நாற்பது. எட்டரைக்குப் பொலிஸ் வருகிறது.

பொலிஸ் வருவது ஒரு குற்றத்துக்காக இல்லை. கேதீஸ்வரன் லைசன்ஸ் எடுத்துக் கைத்துவக்கு வைத்திருந்தவர். சனிக்கிழமைகளில் கிளப்பில் வட்டம் வரைந்த மட்டைக்குச் சுடுகிறவர். அப்படி ஒருவர் செத்தால் பொலிஸ் வந்து துவக்கை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதுதான் முறை. கிளப் செயலாளர் அறிவித்துவிட்டார். பொலிஸ் அடுத்த கிழமை வருகிறோம் என்றுதான் சொன்னது. செந்தில்நாதன்தான் விடவில்லை.

“நாளைக்குக் காலமையே வரச்சொல்லிப்போட்டன் அண்ணி,” என்று முதல் நாள் வந்து சொன்னான். “சுடலையால சனம் இஞ்சதான் திரும்பி வரும். வரேக்க அந்தச் சனியன் வீட்டில இருக்கக்கூடாது.”

கோயில் நிர்வாக சபையில் இருக்கிறவனுக்கு அந்தக் கவலைதான். யோகாவின் கவலை வேறு. கராஜ் சுவரில் பூட்டியிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தால் அதற்குள் துவக்கு இருக்காது. துவக்கு அரிசிக்குள் இருக்கிறது. எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்றால் திறப்பு செந்தில்நாதனின் சட்டைப்பையில். ஆஸ்பத்திரியில் தந்த பிளாஸ்டிக் பையில் கைக்கடிகாரத்தோடும் பேர்ஸோடும் இருந்த திறப்புக்கோர்வையை, வீட்டின் மற்ற எல்லாவற்றையும் போலவே, அவன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். பெட்டி வெறுமையாக இருந்தால் பொலிஸ் கேட்கும். எங்கே என்று கேட்கும், ஏன் என்று கேட்கும். எப்போது எடுத்து ஒளித்தாய் என்றும் கேட்கும். அந்த மூன்றாவது கேள்விக்குத்தான் யோகா ஆறு நாளாகச் செத்துக்கொண்டிருந்தாள்.

கேதீஸ்வரன் ரயில்வேயில் சிக்னல் திருத்துகிற வேலை பார்த்தவர். ஒன்பது வருடத்துக்கு முதல் கூட வேலை செய்த ஒருவன் கூட்டிக்கொண்டுபோய்ச் சுடுகிற கிளப்பில் சேர்த்துவிட்டான். ஐம்பத்திரண்டு வயதில் மனுசனுக்கு அப்படி ஒரு ஆசை. இரும்புப் பெட்டியைச் சுவரில் பூட்டிய அன்று யோகா கராஜ் வாசலில் நின்று ஒரேயொரு தரம் கதைத்தாள்.

“இந்தக் கதை இந்த வீட்டுக்குள்ள வேண்டாம். நானும் கேக்கமாட்டன். நீங்களும் ஒரு சொல் சொல்லக்கூடாது.”

அவர் சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுசன். அதுவே பிறகு வினையாகப் போகிறது என்று யார் கண்டது. ஒன்பது வருடமாக யோகா அந்தக் கராஜுக்குள் கால் வைக்கவில்லை. உடுப்புத் தோய்க்கிற மெஷினைக்கூட வெளியே எடுப்பித்துக் குளியலறையில் வைத்தாள்.

வேலையில் ஒருமுறை இரும்புக் கதவுக்குள் அகப்பட்டு அவருடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் முழுக்க மடங்காமல் போயிருந்தன. துவக்கோடு வந்த பிடி அந்தக் கைக்குப் பொருந்தவில்லையாம். அதனால் யூடியூப் பார்த்துத் தானே மரத்தில் பிடி செய்யப் பழகினார். வால்நட் கட்டையை வாங்கி வந்து செதுக்கினார், அரத்தால் தேய்த்தார், கூடத் தேய்ந்த இடத்தில் மரப்பசை அப்பி மறுபடி தேய்த்தார். முதலாவது வெடித்தது. இரண்டாவது மெலிந்துபோயிற்று. மூன்றாவதோடு கை படிந்துவிட்டது. இதையெல்லாம் மகள் தர்ஷனா சொல்லத் தொடங்குவாள். யோகா கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம் அரம் கிறீச் கிறீச்சென்று தேய்க்கிற சத்தம் கேட்டால் றேடியோச் சத்தத்தைக் கூட்டிவைப்பாள். அவளுடைய மனதில் இருந்த படம் ஒன்றுதான்: துவக்கை மடியில் வைத்துக்கொண்டு புருசன் அதற்கு மரத்தால் அலங்காரம் செய்கிறார்.

போன சனிக்கிழமை கிளப் இல்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் அவர் கராஜுக்குள் போய்விட்டார். அரம் தேய்க்கிற சத்தம் நின்றது. பிறகு ஏதோ விழுந்தது. கனமான, மெத்தென்ற சத்தம். குசினிக் கதவால் வெளியே ஓடும்போது மைக்ரோவேவில் பத்து நாற்பத்தொன்று என்று கண்டாள். ஏன் அதைப் பார்த்தோம் என்று பிறகு தன் கண்களையே சபித்தாள்.

மேசைக் காலில் முதுகு சாய்ந்து நிலத்தில் இருந்தார். முகம் வெளிறி வியர்த்திருந்தது. வலது கையில் மரப்பிடி. பிடிக்கு மேலே கறுப்பு இரும்பு நீட்டிக்கொண்டு தெரிந்தது. உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவப்பு.

எண்பத்தெட்டில் யோகாவுக்கு இருபத்திரண்டு வயது. ஓடிப்போன ஒரு பொடியன் அவர்களுடைய கோழிக்கூட்டுக்குள் ஒரு பிஸ்டலை எறிந்துவிட்டுப் போனான். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அரை மணித்தியாலத்தில் ஆமி வந்தது. கூட்டுக்குள்ளிருந்து அதை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அப்பாவையும் தம்பியையும் கொண்டுபோனார்கள். பதினொரு நாளால் அப்பா வந்தார். தம்பி வரவில்லை. அன்றைக்கு யோகாவின் உடம்பு ஒரு பாடம் படித்துக்கொண்டது. வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் துவக்கு, மற்றதெல்லாம் பிறகு. முப்பத்தாறு வருடமும் ஒரு சமுத்திரமும் தாண்டி வந்தும் அந்தப் பாடம் மறக்கவில்லை.

முழங்காலில் இருந்து அவருடைய கையைத் தொட்டாள். சிவப்பு, இரத்தம் இல்லை. தேங்காயெண்ணெயில் குழைத்த குங்குமம். அவளுடைய குங்குமம். உள்ளங்கையில் பூசிக்கொண்டு பிடியைப் பிடித்துப் பார்த்து, சிவப்புப் பட்ட இடத்தை மட்டும் தேய்ப்பதுதான் அவருடைய முறை என்று பிறகுதான் தெரிந்தது. குங்குமம் ஏன் இவ்வளவு கெதியில் முடிகிறது என்று இரண்டு வருடமாகக் கடைக்காரனைத் திட்டியிருக்கிறாள்.

இரத்தம் இல்லை என்று தெரிந்துவிட்டது. மூச்சு வருகிறது என்றும் தெரிந்துவிட்டது. அந்த நிமிடமே ஓடிப்போய் ஆம்புலன்சுக்கு அடித்திருக்க வேண்டும். அவளுடைய கைகள் அவருடைய விரல்களைப் பிரிக்கத் தொடங்கின. அவர் விடவில்லை. பெருவிரலைக் கழற்றினாள், சுட்டுவிரலைக் கழற்றினாள், நடுவிரலை நிமிர்த்தினாள். அவர் அவளைப் பார்த்தார்.

“யோகா... இது...”

“கதைக்காதேங்கோ. ஒருத்தருக்கும் தெரியவராது. நான் பாக்கிறன்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதைத் துவாயில் சுற்றினாள். குசினிக்கு ஓடினாள். அரிசியைப் பேசினுக்குள் கவிழ்த்தாள், அதை அடியில் வைத்தாள், அரிசியைத் திரும்பக் கொட்டினாள், மேலே உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினாள். திரும்பிப் போய்ச் சுவரில் குத்தியிருந்த ஓட்டை விழுந்த வட்ட மட்டைகளைப் பிடுங்கிக் கிழித்துக் குப்பைத் தொட்டியின் அடியில் அமத்தினாள். கை கழுவினாள், சவர்க்காரம் போட்டு. அதற்குப் பிறகுதான் போனை எடுத்தாள். பத்து ஐம்பத்திரண்டு. கேதீஸ்வரனின் கண்கள் அப்போதும் திறந்துதான் இருந்தன. ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

ஏழு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. எப்போது விழுந்தவர் என்று கேட்டார்கள். “இப்பதான். கண்ட உடனே அடிச்சனான்,” என்றாள். எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு மாரடைப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

பொய் சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்று நினைக்கிற வயது அவளுக்குக் கடந்துவிட்டது. ஆனாலும் இது இப்படித் திரும்பும் என்று அவள் நினைக்கவில்லை.

தர்ஷனா குசினிக்குள் வந்து மேசையில் உட்கார்ந்தாள். வெள்ளைச் சேலையை யாரோ அவளுக்குக் கட்டிவிட்டிருந்தார்கள்; ஊசி ஊசியாகக் குத்தியிருந்தது. முப்பத்தொரு வயது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி நேர்ஸ். ஒரே பிள்ளை.

“சாப்பிட்டனியோ?” என்று யோகா கேட்டாள்.

“பசிக்கேல்லை.” கிண்ணத்து அரிசியை விரலால் கிளறினாள். “அம்மா, அப்பா விழுறதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்கு எனக்கு எடுத்தவர்? போனில ஏழு எண்டு இருக்கு. நெஞ்சு கொஞ்சம் இறுக்குது பிள்ளை எண்டவர். நான் பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்துபோட்டு வந்த களை. வயித்தில காஸ் அப்பா, ஒரு குளிசையைப் போட்டுட்டுப் படுங்கோ எண்டன்.”

“அதை விடு பிள்ளை.”

“எப்பிடி விடுறது? நீங்கள் கண்ட உடனே அடிச்சிருக்கிறியள். ஏழு நிமிசத்தில அவங்கள் வந்திருக்கிறாங்கள். எல்லாம் சரியா நடந்திருக்கு. அப்பிடியெண்டா பிழை அதுக்கு முதலே நடந்திட்டுது. அது நான்தான். ஐ நோ தட். வேற ஆள் இல்லை.”

ஆறு நாளாக வந்தவர்கள் போனவர்கள் எல்லோருக்கும் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கணக்குப் படிப்பிக்கிற ரீச்சரைப் போல ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கடைசியில் தன் தலையில் கொண்டுவந்து வைப்பாள். தாயின் பொய்யை அத்திவாரமாகப் போட்டுத்தான் மகள் அந்தக் குற்றத்தைக் கட்டியிருந்தாள். யோகாவுக்கு வாய் வரை வந்தது. வெளியே கார்க் கதவு அடிக்கிற சத்தம் கேட்டது.

இரண்டு பொலிஸ். ஒருவர் நரைத்தவர், மற்றது ஒரு சின்னப் பெண். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு துக்கம் சொன்னார்கள். கூடவே கழுத்தில் கறுப்பு ரை கட்டி, எழுபது வயது மதிக்கத்தக்க உயர்ந்த மனுசன் ஒருவர் வந்திருந்தார். கிளப் செயலாளர் கிளென். செந்தில்நாதன் எல்லோரையும் விறுவிறென்று கராஜுக்குள் கூட்டிக்கொண்டு போனான், அயல் வீட்டார் பார்க்க முதல். யோகா வாசற்படியில் நின்றாள். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் பாடமாக்கி வைத்திருந்தாள். எனக்குப் பயம். என் நாட்டில் துவக்கு என்றால் அப்படி. அதுவரைக்கும் சரி. எப்போது என்று கேட்டால்?

செந்தில்நாதன் திறப்பைக் கொடுத்தான். பொலிஸ்காரி பெட்டியைத் திறந்தாள்.

சாம்பல் நிறப் பஞ்சுக்குள் கறுப்பாக ஒரு கைத்துவக்கு கிடந்தது.

அவள் அதை எடுத்து இலக்கத்தை வாசித்தாள். நரைத்தவர் தாளில் சரி பார்த்தார். பதிவில் ஒன்று, பெட்டியில் ஒன்று. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார். இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிற ஆளைக் காண்பது அரிது என்றும் சொன்னார். செந்தில்நாதனுக்கு அதில் ஒரு பெருமை வந்து போனது.

“பிள்ளை,” என்றாள் யோகா, தர்ஷனாவின் கையைப் பிடித்து. “அப்பாவிட்ட எத்தினை இருந்தது?”

“ஒண்டுதான் அம்மா. இதுதான்.”

கிளென் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரங்கள் நீள வரிசையில் கிடந்தன. எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு யோகாவின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். கேத் கடைசியாகச் செய்துகொண்டிருந்த பிடியைக் காணவில்லையே, குடும்பம் அதை வைத்திருந்தால் நல்லது, கேத்தின் கை அச்சாக அதில் இருக்கும் என்றார். அலுமினியத் துண்டொன்றில் பூட்டியிருக்கும், கறுப்பு மை அடித்தது. அந்தத் துண்டைத் தான்தான் வெட்டிக் கொடுத்தாராம், துவக்கின் பிடிப்பக்க அளவுக்கு மட்டும். குழல் இல்லை, விசை இல்லை, வெறும் துண்டு. மற்றவர்கள் எல்லோரும் உண்மையான துவக்கை மேசையில் வைத்துப் பூட்டிப் பூட்டித்தான் பிடி செதுக்குவார்களாம். கேத் மட்டும் மாட்டாராம். வேலை செய்கிற நேரத்தில் என் மனுசி தற்செயலாக உள்ளே வந்து கண்டால் தாங்கமாட்டாள், அவளுடைய வீட்டில் அப்படி ஒன்று நடந்தது என்றாராம். பெட்டியிலிருந்து நேரே கார், காரிலிருந்து நேரே கிளப். ஒன்பது வருடத்தில் ஒருநாளும் இந்த மேசைக்கு அந்தத் துவக்கு வந்ததில்லை.

“கதிரை ஒண்டு தாங்கோ,” என்றாள் யோகா.

மயூரா ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்தாள். ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. சாவுக்கு முகம் கொடுக்கிற நாளில் தலை சுற்றாத பெண்சாதி உண்டா?

முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். செத்த மனுசன் மேல் பொல்லாத ஆத்திரம். ஒரு வசனம் சொல்லியிருக்கலாமே. இது துவக்கில்லை, மரம் என்று ஒரேயொரு வசனம். ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது, வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை. சொல்லக்கூடாது என்று வாயை மூடியவள் அவள்தான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த மனுசன் கடைசியாக வாயைத் திறந்தபோது, கதைக்காதேங்கோ என்று இன்னொரு தரம் மூடியவளும் அவள்தான். ஆத்திரம் போவதற்கு வேறு இடம் இல்லாமல் திரும்பி வந்து அவளுக்குள்ளேயே படுத்துக்கொண்டது.

பிடியைக் கண்டனீங்களோ என்று தர்ஷனா கேட்டாள். தெரியாது என்றாள்.

எல்லோரும் வெளியே போனபின் குசினிக் கதவைப் பூட்டிக்கொண்டு வாளியைத் திறந்தாள். துவாயை அவிழ்த்தாள். கிளென் சொன்னது சரி. குழல் இல்லை, விசை இல்லை. கறுப்பு அலுமினியத் துண்டொன்று, ஒரு சாண் நீளமும் இல்லை. பிடி மட்டும் அழகாக இருந்தது. உள்ளங்கை இருக்க ஒரு பள்ளம், மூன்று விரலுக்கு மூன்று குழி, மடங்காத இரண்டு விரலும் நீட்டிக்கொண்டு கிடக்க ஒரு சின்னத் தட்டு. குங்குமம் பட்ட இடங்களில், துவாய்க்குள் புகுந்த அரிசி மணிகள் ஒட்டியிருந்தன. சின்னப் பிள்ளைக்குக்கூட அதைக் காட்டித் துவக்கு என்று சொல்ல முடியாது. ஒருதரம் குனிந்து பார்த்திருந்தால் போதும்.

“அண்ணி, கார் வந்திட்டுது!” செந்தில்நாதன் முன்னாலிருந்து கூப்பிட்டான்.

அவள் அவசரமாக அதைத் துவாயில் சுற்றி மறுபடி அரிசிக்குள் புதைத்து மேலே தடவிச் சமப்படுத்தினாள். மரம் என்று தெரிந்த பிறகும்.

சுடலை மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். கேதீஸ்வரனுக்கு வேட்டி உடுத்திப் பட்டுச் சால்வை போட்டிருந்தார்கள். ஐயர் மைக்கில் கூப்பிடக் கூப்பிடப் பெண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். யோகாவைத்தான் முதலில் விட்டார்கள். அவள் போட்டுவிட்டுச் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். அடுத்ததாக வந்தவள் தர்ஷனா. வரிசையில் நாலைந்து பேர் தள்ளி நின்ற ஒரு அன்ரி பக்கத்திலிருந்தவளின் காதுக்குள் கதைப்பதாக நினைத்துக்கொண்டு நல்ல சத்தமாகவே கதைத்தாள்.

“பிள்ளை எமர்ஜென்சியில நேர்ஸாம். தேப்பன் நெஞ்சு நோகுது எண்டு சொல்லியும் காஸ் எண்டு விட்டவவாம்.”

“படிச்சு என்ன பிரயோசனம்.”

தர்ஷனாவுக்குக் கேட்டது. அவள் திரும்பவில்லை. அப்பாவின் கழுத்தடியில் சுருங்கியிருந்த சால்வையை இழுத்து நேராக்கினாள், அதிலேயே மினக்கெட்டாள். யோகா அந்த அன்ரியின் முகத்தைப் பார்த்தாள். கிட்டப் போய் அறைய வேண்டும் போலிருந்தது. அறைய வேண்டிய கன்னம் தன்னுடையது என்பதால் நின்ற இடத்திலேயே நின்றாள்.

கடைசியில் சவப்பெட்டியை எரிக்க உள்ளே அனுப்புகிற பொத்தானை யார் அமத்துவது என்ற பேச்சு வந்தது. ஆண்பிள்ளை இல்லாதபடியால் தம்பி அமத்தலாம் என்று ஐயர் சொன்னார். செந்தில்நாதன் முன்னுக்கு வந்தான்.

“நான் செய்யிறன் சித்தப்பா,” என்றாள் தர்ஷனா. ஒருவரும் மறுக்கவில்லை. அவள் பொத்தானில் விரலை வைத்தாள். திரை மூடிக்கொண்டது.

சனம் வெளியே நின்று கைகொடுத்துக் கலைகிற நேரத்தில், குடும்பத்தார் இருக்கிறதற்கென்று ஒதுக்கிய சின்ன அறைக்குள் தாயையும் மகளையும் விட்டார்கள். நீலக் கதிரைகள் நாலு, தண்ணீர்ச் சாடி, டிஷ்யூப் பெட்டி. தர்ஷனா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“அம்மா, நான் வேலையை விடப்போறன்.”

“என்ன விசர்க் கதை.”

“இல்லை. யோசிச்சுத்தான் சொல்லுறன். ஒரு ஆள் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு வந்து நிண்டா எனக்கினி ஒண்டும் சொல்லேலாது. நேற்று மெயில் எழுதி வச்சிட்டன். பின்னேரம் அனுப்புவன்.”

பத்து வருடம் படித்துப் பாடுபட்டு ஏறிய வேலை. அதைவிட அவளுக்குப் பிடித்த வேறு ஒன்றும் உலகத்தில் இல்லை என்று யோகாவுக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தால் தர்ஷனா அம்மாவுக்குப் பக்கத்தில் இப்படியே சாய்ந்துகொண்டிருப்பாள். ஆயுள் முழுக்க இருப்பாள். அதுவும் ஒரு கணம் யோகாவுக்குத் தோன்றியது. தோன்றியதை நினைக்க அருவருப்பாக இருந்தது.

“நீ விடத் தேவையில்லை,” என்றாள்.

“அம்மா, பிளீஸ்.”

“நான் உடனே அடிக்கேல்லை.”

தர்ஷனா தலையைத் திருப்பினாள்.

“பத்து நாப்பத்தொண்டுக்கு அப்பா விழுந்தவர். நான் போனை எடுக்கேக்க பத்து அம்பத்திரண்டு. கையில துவக்கு வச்சிருக்கிறார் எண்டு நினைச்சன். பிடுங்கித் துவாயில சுத்திக் கொண்டுபோய் அரிசிக்குள்ள வச்சன். பிறகு சுவரில இருந்த மட்டையளைக் கிழிச்சன். பிறகு கை கழுவினன்.” ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். “சவர்க்காரம் போட்டுக் கழுவினன்.”

“துவக்கு பெட்டிக்குள்ளயெல்லோ இருந்தது?”

“ஓம். அது மரம். கிளென் தேடின மரம்.”

வெளியே யாரோ காரைப் பின்னால் எடுக்கச் செந்தில்நாதன் வழி காட்டுகிற சத்தம் கேட்டது.

“அப்ப அப்பாக்கு மூச்சிருந்ததோ?”

“ஓம்.”

“கதைச்சவரோ?”

“இது எண்டு சொல்ல வெளிக்கிட்டவர். கதைக்காதேங்கோ எண்டு நான் சொல்லிப்போட்டன்.”

“பதினொரு நிமிசம்.”

“ஓம். பதினொண்டு.”

கத்துவாள் என்று யோகா காத்திருந்தாள். கத்தட்டும், அடிக்கட்டும், நீயும் ஒரு மனுசியோ என்று கேட்கட்டும். அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். தர்ஷனா குனிந்து சப்பாத்தைப் போட்டாள். எழுந்து வந்து தாயின் கதிரைக்கு முன்னால், முகத்துக்கு நேரே முகம் வரும்படி குந்தினாள். தாயின் முழங்கையில் இரண்டு விரல்களை மெல்ல வைத்தாள்.

“தாங்க் யூ ஃபோர் டெலிங் மீ,” என்றாள். தாழ்ந்த, தெளிவான, அவசரமில்லாத குரல். “இதைச் சொல்லுறது உங்களுக்குச் சரியான கஷ்டமா இருந்திருக்கும்.”

வேலையிடத்தில் மகள் எப்படிக் கதைப்பாள் என்று யோகா ஒருநாளும் கேட்டதில்லை. உள்ளே ஆள் செத்துப்போன பிறகு வெளியே காத்திருக்கிறவர்களிடம் வந்து கதைக்கிற குரல் இதுதான் என்று இப்போது தெரிந்தது. நல்ல குரல். ஒரு குறை சொல்ல முடியாது.

“பிள்ளை...” என்றாள்.

தர்ஷனா சாடியிலிருந்து தண்ணீரை ஊற்றி அவளுடைய கைக்குள் வைத்தாள். டிஷ்யூப் பெட்டியை எடுத்துப் பக்கத்துக் கதிரையில், கை எட்டுகிற தூரத்தில் வைத்தாள்.

“உங்களோட இருக்கிறதுக்கு ஆரையாவது கூப்பிடோணுமோ?”

யோகா தலையை ஆட்டினாள், இல்லை என்று.

வேறு ஏதும் வேண்டுமோ என்று பார்க்க வேண்டிய அளவு நேரம் நின்றுவிட்டு, தர்ஷனா வெளியே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். முழுக்கச் சாத்தவில்லை, இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தாள்.